பூர்வகுடிப் பெண்களின் பாதுகாப்பு: ஒரு சேவைச் சங்கம் உருப்படியாக என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான். கனடாவில் டொரான்டோவின் ஸ்கார்பரோவில் பெரும்பாலும் தமிழர்களே இருக்கும் ஓர் அரிமா சங்கம், காணாமல் போன, கொலையான பூர்வகுடிப் பெண்களை நினைவுகூரும் மே 5 சிவப்பு உடை நாளுக்கு ஒரு நிகழ்ச்சி நடத்த நினைக்கிறது. கூடவே பூர்வகுடிப் பெண்களுக்கான காப்பகம் ஒன்றுக்குப் பொருள்கள் திரட்டித் தரவும் எண்ணம். கூட்டத்தில் இரண்டு பேர் குறுக்கே கேட்டிருக்கிறார்கள். "நாமே நேற்று வந்து இறங்கியவர்கள். இது அரசாங்கத்துக்கும் அவர்களுக்கும் உள்ள பழைய கணக்கு, நமக்கென்ன வேலை?" என்று ஒருவர். "கொல்வது பெரும்பாலும் அவர்கள் வீட்டு ஆண்கள்தானே?" என்று இன்னொருவர். இவர்களுக்கு என்ன பதில் சொல்வது, நிகழ்ச்சியை எப்படி நடத்தினால் யாருக்காவது பயன்படும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுருக்கமாகச் சொன்னால், நிகழ்ச்சியைத் தாராளமாக நடத்துங்கள். ஆனால் அதோடு நின்றுவிட்டால் சங்கத்தின் பலத்தில் கால்வாசியைக்கூடப் பயன்படுத்தவில்லை என்று அர்த்தம். மாதம் தவறாமல் கூடுகிறீர்கள், கூட்டக் குறிப்பு எழுதி அடுத்த கூட்டத்தில் வாசிக்கிறீர்கள், ஊரில் யாருக்கு போன் போட்டால் எந்த வேலை நடக்கும் என்று உங்கள் உறுப்பினர்களுக்குத் தெரியும். வங்கி மேலாளர், பள்ளி முதல்வர், கார் விற்பனைக்காரர், ஓய்வுபெற்ற போலீஸ்காரர் என்று இப்படிப்பட்டவர்கள்தான் எந்த ஊரிலும் சேவைச் சங்கங்களில் இருப்பார்கள். கேட்ட கேள்வியைப் பதில் வரும்வரை வருடக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்க ஆள் வேண்டும். இந்த விஷயத்தில் பற்றாக்குறை அதற்குத்தான்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சாலையின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடக்கில், பிரின்ஸ் ஜார்ஜிலிருந்து கடற்கரையில் இருக்கும் பிரின்ஸ் ரூபர்ட் வரை போகிறது நெடுஞ்சாலை 16. ஏறத்தாழ 720 கிலோமீட்டர். வழியெல்லாம் காடு, நடுநடுவே சின்ன ஊர்கள், பூர்வகுடிக் குடியிருப்புகள். டாக்டரைப் பார்க்க, மளிகை வாங்க, வேலைக்குப் போக, பள்ளித் தோழி வீட்டுக்குப் போக, எதற்கும் அடுத்த ஊருக்குத்தான் போயாக வேண்டும். கார் இல்லாத வீடுகள் நிறைய. அந்தக் காலத்தில் பஸ் என்றால் கிரேஹவுண்ட் நிறுவனத்தின் பஸ் மட்டும். அதுவும் எப்போதாவது, ஒவ்வாத நேரத்தில். அதனால் சாலையோரம் நின்று கட்டைவிரலைக் காட்டி, நிற்கிற வண்டியில் ஏறிக்கொள்வது அங்கே அன்றாட வழக்கமாக இருந்தது. அப்படிப் போனவர்களும் வேறு வகையில் அந்தச் சாலையில் தனியாக நின்றவர்களும் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். பெரும்பாலும் பூர்வகுடிப் பெண்கள், சிறுமிகள். 'கண்ணீர் நெடுஞ்சாலை' என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. கனடிய மத்திய காவல்துறை 2005இல் இதற்கென்று தனிப் புலனாய்வுக் குழு அமைத்தது. 1969 முதல் 2006 வரை, பக்கத்து நெடுஞ்சாலைகளையும் சேர்த்து, 18 வழக்குகள் அதன் பட்டியலில் இருக்கின்றன. குடும்பங்கள் சொல்லும் கணக்கு இதைவிட அதிகம்.

அந்தச் சாலையில் இருக்கும் ஸ்மிதர்ஸ் ஊரைச் சேர்ந்த ரமோனா வில்சனுக்கு 16 வயது. 1994 ஜூனில் தோழியரைப் பார்க்கப் புறப்பட்டவள் திரும்பவில்லை. அடுத்த ஏப்ரலில் ஊர் விமான நிலையத்துக்கு அருகே உடல் கிடைத்தது. அவள் அம்மா மட்டில்டா ஜூன் மாதம் தோறும் மகள் பெயரில் ஒரு நினைவு நடையை நடத்தி வந்தார். ஆனால் நாட்டின் பெரிய ஊடகங்கள் அந்தச் சாலையை உற்றுப் பார்த்தது 2002இல், மரம் நடும் வேலைக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் காணாமல் போனபோதுதான். இந்த ஒப்பீட்டை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை; அந்தக் குடும்பங்கள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பதுதான்.

அந்தச் சாலையில் பெரிய விளம்பரப் பலகை ஒன்று நின்றது. பெண்களே, இந்தச் சாலையில் யார் வண்டியிலும் ஏறாதீர்கள், கொலைகாரன் நடமாடுகிறான் என்று எச்சரிக்கும் பலகை, காணாமல் போனவர்களின் படங்களோடு. சொன்ன சேதி சரிதான். ஆனால் பஸ் இல்லாத சாலையில் நிற்கும் பெண் அதைப் படித்துவிட்டு என்ன செய்வாள்? 'விழிப்புணர்வு' என்று நாம் செய்வதில் பாதி இந்தப் பலகையின் வகையைச் சேர்ந்தது.

2006 மார்ச்சில் குடும்பங்களும் பூர்வகுடி அமைப்புகளும் பிரின்ஸ் ஜார்ஜில் கூடினார்கள். அந்த மாநாட்டிலிருந்து 33 பரிந்துரைகள் வந்தன. முதல் பரிந்துரையே ஊருக்கு ஊர் சிற்றுந்து விடுங்கள் என்பது. வேண்டிய பணமும் பெரிய தொகை இல்லை. 2012இல் வான்கூவர் பெண்கள் காணாமல் போன வழக்குகளை விசாரித்த வாலி ஓப்பல் ஆணையமும் அதே பஸ்ஸை அவசரமாக விடச் சொன்னது. வரவில்லை. 2015இல் நடந்ததுதான் கொடுமை. அந்தச் சாலை பற்றி நடந்த அரசுக் கூட்டங்களின் ஆவணங்களைத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்டபோது, மின்னஞ்சல்கள் அழிக்கப்பட்டன என்று ஓர் அரசு ஊழியரே வெளியே சொன்னார். குப்பைக்கு அனுப்பி, குப்பையிலிருந்து நீக்கி, மீட்க முடியாதபடி மறுபடியும் நீக்குவது. 'மூன்றுமுறை அழிப்பு' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. மாகாணத் தகவல் ஆணையர் விசாரித்து அறிக்கை கொடுத்தார். அமைச்சர் அலுவலக உதவியாளர் ஒருவர் விசாரணையில் சத்தியம் செய்து பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு 2,500 டாலர் அபராதம் கட்டினார்.

அதற்குப் பிறகுதான் திட்டம் நகர்ந்தது. 2015 டிசம்பரில் அறிவிப்பு. 2017இல் ஸ்மிதர்ஸுக்கும் மோரிஸ்டவுனுக்கும் இடையே முதல் பஸ். அப்புறம் ஒவ்வொரு துண்டாக மற்ற ஊர்கள். கட்டணமும் குறைவு. கூடவே குடியிருப்புகள் சொந்தமாக வேன் வாங்க மானியம், ஓட்டுநர் உரிமம் எடுக்கப் பயிற்சி. கேட்டதிலிருந்து வந்தது வரை 11 வருடம். இதற்காக விடாமல் மல்லுக்கட்டியவர்கள் குடும்பங்களும், கேரியர் செக்கானி குடும்ப சேவை அமைப்பும், வட பகுதி நகரமன்றங்களில் சிலரும். பக்கத்து ஊர்களின் சேவைச் சங்கங்கள் எல்லாம் ஆளுக்கொரு கடிதம் எழுதி, பதில் வந்ததா என்று மாதாமாதம் கூட்டக் குறிப்பில் ஏற்றியிருந்தால் அந்த 11 வருடம் குறைந்திருக்கும் என்பது என் எண்ணம். நிரூபிக்க முடியாது, ஆனாலும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சரி, இப்போது உங்கள் உறுப்பினர்களின் கேள்விகளுக்கு வருவோம்.

"நமக்கென்ன வேலை" என்றவருக்கு என் பதில் எளிது. ஸ்கார்பரோ இருப்பது ஒப்பந்த நிலத்தில், அதாவது பூர்வகுடிகளோடு ஒப்பந்தம் போட்டு அரசு எடுத்துக்கொண்ட நிலத்தில். 13ஆம் எண் ஒப்பந்தமும் 1923ஆம் ஆண்டின் வில்லியம்ஸ் ஒப்பந்தங்களும் அந்த மண்ணைப் பற்றியவை. நாம் வாங்கிய வீட்டுப் பத்திரத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. அது மட்டுமில்லை. 2021 ஜூனில் கனடிய குடியுரிமை உறுதிமொழியே மாற்றப்பட்டது. பூர்வகுடி மக்களின் உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் அங்கீகரிக்கும் சட்டங்களைக் கடைப்பிடிப்பேன் என்று இப்போது குடியுரிமை எடுக்கும் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்கிறார்கள். உங்கள் உறுப்பினர்களின் பிள்ளைகளில், மருமக்களில் சிலரே சொல்லியிருப்பார்கள். ஆக, அந்தப் பழைய கணக்கில் நம் கையெழுத்தும் விழுந்தாயிற்று.

இதில் ஈழத்துக் குடும்பங்களுக்கு இன்னொரு நெருக்கமும் உண்டு. கையில் படத்தை ஏந்திக்கொண்டு 'என் பிள்ளை எங்கே' என்று கேட்கும் தாய்மாரைக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பார்த்தவர்கள் நாம். 2017 பிப்ரவரியில் அங்கே தொடங்கிய தொடர் போராட்டம் பலருக்குச் சொந்த வீட்டுச் செய்தி. அந்த உணர்வோடு போவது நல்லது. ஆனால் அவர்கள் நிகழ்ச்சியில் மேடை கிடைத்தவுடன் நம் கதையைத் தொடங்கிவிடாதீர்கள். அன்று போவது கேட்பதற்கு.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் சிக்கலானது. கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார். 2015இல் மத்திய அமைச்சர் ஒருவரே, கொன்றவர்களில் எழுபது சதவீதம் பூர்வகுடி ஆண்கள் என்று சொல்லி, அது செய்திகளில் பரவிய கணக்குதான். பூர்வகுடிப் பெண்கள் காணாமல் போவதையும் கொலையாவதையும் விசாரிக்கப் பிறகு வந்த தேசிய விசாரணை ஆணையம் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, அதற்கு ஆதாரம் போதாது என்று எழுதிவிட்டது. எந்தச் சமூகத்திலும் பெண்ணைக் கொல்பவன் பெரும்பாலும் தெரிந்தவன்தான், கனடாவிலும் தமிழ்நாட்டிலும். அது மட்டும் விஷயமாக இருந்தால் பூர்வகுடிப் பெண்கள் கொலையாகும் வீதம் மற்றப் பெண்களைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு இருக்கக் காரணம் இல்லை. 2014இல் மத்திய காவல்துறை தானே வெளியிட்ட கணக்கில், 1980 முதல் 2012 வரை 1,017 பேர் கொலை, 164 பேர் காணவில்லை; மொத்தம் 1,181. பெண்களில் 4.3 சதவீதம் பேராக இருப்பவர்கள், கொலையான பெண்களில் 16 சதவீதம்.

அப்புறம், யார் கொன்றான் என்பதைப் போலவே முக்கியமானது, அவள் காணாமல் போனபோது யார் தேடினார்கள் என்பது. ஹெலன் பெட்டி ஆஸ்போர்ன் கிரீ என்ற பூர்வகுடி இனத்துப் பெண், 19 வயது. சொந்தக் குடியிருப்பில் மேல்படிப்புக்கு வழி இல்லாததால் மனிடோபா மாகாணத்தில் தி பா என்ற ஊருக்குப் படிக்க வந்தவர். ஆசிரியை ஆக ஆசை. 1971 நவம்பரில் நான்கு வெள்ளைக்கார இளைஞர்கள் அவரைக் காரில் இழுத்துப் போட்டுக் கொண்டுபோனார்கள், உடல்தான் கிடைத்தது. யார் செய்தது என்று ஊரில் பலருக்குத் தெரிந்திருந்தது. வாய் திறக்கவில்லை. 16 வருடம் கழித்து 1987இல் ஒரே ஒருவனுக்குத் தண்டனை கிடைத்தது. அந்த ஊரின் பெரிய மனிதர்களும் எங்கேயாவது வாராவாரம் கூடி மதிய உணவு சாப்பிட்டிருப்பார்கள் இல்லையா? சேவைச் சங்கம் என்ற அமைப்பைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஊர் நினைவுக்கு வரும்.

டீனா ஃபோன்டேன் விஷயத்தில் அலட்சியம் இன்னும் பக்கத்தில் இருந்தது. 15 வயது, குழந்தைகள் நலத்துறையின் பொறுப்பில் அதே மனிடோபாவின் வின்னிபெக் நகரில் இருந்தாள். காணவில்லை என்று புகார் பதிவாகியிருந்த நேரத்திலேயே போலீஸ்காரர்கள் ஒரு வண்டியை நிறுத்தினார்கள், அதற்குள் அவள் இருந்தாள், விட்டுவிட்டார்கள். அதே நாளில் மருத்துவமனைக்கும் போனாள், அங்கிருந்து நலத்துறை ஒரு ஹோட்டலில் கொண்டுபோய்த் தங்கவைத்தது. அங்கிருந்து வெளியேறியவளின் உடலை 2014 ஆகஸ்ட் 17 அன்று ரெட் ஆற்றிலிருந்து எடுத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் 2018இல் விடுதலையானார். தேசிய விசாரணை வேண்டும் என்ற குரல் நாடு முழுக்க ஓங்கியது அவள் சாவுக்குப் பிறகுதான். விசாரணை 2016 செப்டம்பரில் தொடங்கி, 2019 ஜூன் 3 அன்று அறிக்கை வந்தது. நீதிக்கான அழைப்புகள் என்ற பெயரில் 231 கோரிக்கைகள். 2023இல் கனடியப் பொது ஒலிபரப்பான சிபிசி ஒவ்வொன்றாகப் பார்த்தபோது முழுதாக முடிந்திருந்தது இரண்டே இரண்டு.

அந்த 231இல் பதினைந்தாம் பிரிவு அரசாங்கத்துக்கு இல்லை, எல்லாக் கனடியர்களுக்கும். எட்டே எட்டு வரி. அறிக்கையைப் படியுங்கள், உண்மையான வரலாற்றைத் தெரிந்துகொள்ளுங்கள், வன்முறைக்கு எதிராகப் பேசுங்கள் என்று போய், கடைசியாக 15.8 சொல்வது: மற்ற அழைப்புகளை நிறைவேற்ற எல்லா அரசுகளையும் பொறுப்பேற்க வையுங்கள். சேவைச் சங்கத்துக்கு என்றே எழுதியது போல இருக்கிறது எனக்கு.

இனி நிகழ்ச்சி. சிவப்பு உடைகளைத் தொங்கவிடும் வழக்கத்தைத் தொடங்கியவர் வின்னிபெக்கில் மெட்டி என்ற பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த கலைஞர் ஜேமி பிளாக், 2010 வாக்கில். உள்ளே ஆள் இல்லாத வெறும் உடை மரக்கிளையில் காற்றில் ஆடும். அவ்வளவுதான், அதுவே போதும். உங்கள் குழுவில் யாராவது பொம்மைக்கு உடுத்தி நிறுத்தலாம், விளக்கு மாலை போடலாம், சங்கத்தின் பெயர்ப்பலகையை நடுவில் வைக்கலாம் என்பார்கள். வேண்டாம். உடையைத் தைத்துத் தரும் வேலையோ வாங்கும் வேலையோ நம்முடையதாக இருக்கட்டும். எங்கே, எப்படி, எத்தனை நாள் என்பதைப் பூர்வகுடிப் பெண்கள் சொல்லட்டும். அன்று பேச ஒரு மூத்தவரை அழைத்தால் மதிப்பூதியம் கொடுங்கள், போக வர வண்டி ஏற்பாடு செய்யுங்கள், சாப்பாடு போடுங்கள். ஒன்டாரியோவில் அனிஷினாபே என்ற பூர்வகுடி இனத்து மூத்தவரை அழைக்கும்போது புகையிலை கொடுத்துக் கேட்பது முறை. எல்லா இனத்துக்கும் அது பொருந்தாது, ஆகவே முன்பே விசாரியுங்கள். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறவர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை.

சொந்த நிகழ்ச்சிக்கு முன்னால், அவர்கள் நடத்தும் ஒன்றுக்குப் போய்வாருங்கள். டொரான்டோவில் காதலர் தினமான பிப்ரவரி 14 அன்று போலீஸ் தலைமையகத்துக்கு முன்னால் ஸ்ட்ராபெரிச் சடங்கு நடக்கும். பனிக்குளிரில் நின்று, பெயர்களைச் சொல்லி, தண்ணீரும் ஸ்ட்ராபெரியும் பகிர்ந்துகொள்வார்கள். வான்கூவரில் அதே நாளில் 1990களின் தொடக்கத்திலிருந்து பெண்கள் நினைவு ஊர்வலம் நடக்கிறது. அக்டோபர் 4 அன்று பல ஊர்களில் விளக்கேந்திக் கூடுவார்கள். சங்க உடுப்பும் கொடியும் இல்லாமல், பத்துப் பேராகப் போய்ப் பின்வரிசையில் நின்றுவிட்டு வந்தால் மே மாதம் என்ன செய்வது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

காப்பகத்துக்குப் பொருள் கொடுப்பதில் ஒரு விஷயத்தை அடித்துச் சொல்ல வேண்டும். பெண்கள் காப்பகங்கள் பலவற்றின் முகவரி ரகசியம். அடித்தவன் தேடி வந்துவிடக் கூடாது என்பதற்காக. பெரிய அட்டையில் காசோலை செய்து, வாசலில் நின்று போட்டோ எடுத்து, அதைப் பேஸ்புக்கில் போடும் நம் சங்க வழக்கத்தை இங்கே அப்படியே கைவிடுங்கள். பின்னால் தெரியும் கதவும் தெருவும் போதும், இடத்தைக் கண்டுபிடிக்க. பொருள்களில், பழைய துணி மூட்டையை யாரும் எதிர்பார்க்கவில்லை. பிரித்து அடுக்கி வைக்கவே அவர்களுக்கு ஒரு ஆள் வேண்டும். இரவோடு இரவாகப் பிள்ளைகளோடு வெளியேறியவளுக்கு வேண்டியது மளிகைக் கடைப் பரிசு அட்டை, டிடிசி (டொரான்டோ நகரப் போக்குவரத்து) பஸ் கட்டண அட்டை, டாக்சிப் பணம், கைபேசி ரீசார்ஜ், விட்டுவிட்டு வந்த பிறப்புச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் மறுபடி விண்ணப்பிக்கக் கட்டணம், டயப்பர். போன் செய்து கேளுங்கள், என்ன வேண்டும் என்று அவர்களே பட்டியல் தருவார்கள். டொரான்டோவில் ஆண்டுயான் காப்பகம் 1973 முதல் பூர்வகுடிப் பெண்களுக்காக இருக்கிறது. டொரான்டோ பூர்வகுடிப் பெண்கள் வள மையமும் உண்டு. முடிந்தால் ஒரே தடவையில் 5,000 டாலர் கொடுப்பதைவிட மூன்று வருடத்துக்கு வருடம் 2,000 என்று எழுதிக் கொடுங்கள், இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல். வாடகைக்கும் சம்பளத்துக்கும் யாரும் நன்கொடை தருவதில்லை. காப்பகம் மூடப்படுவது அவை இல்லாமல்தான்.

மற்றச் சேவைச் சங்கங்கள் என்ன செய்கின்றன என்றும் கேட்டிருந்தீர்கள். 1919இல் பஃபலோவில் தொடங்கிய சோன்டா, 1921இல் ஓக்லாந்தில் தொடங்கிய சொராப்டிமிஸ்ட் இரண்டும் பெண்களின் சங்கங்கள். வாதாடுவதைச் சேவையின் பகுதியாகவே வைத்திருப்பவை. சோன்டா 2012 முதல் நவம்பர் 25 தொடங்கி டிசம்பர் 10 வரையான 16 நாள்களில் வன்முறைக்கு எதிரான இயக்கம் நடத்துகிறது. கனடியப் பல்கலைக்கழகப் பெண்கள் கூட்டமைப்பின் வழி வேறு: உள்ளூர்க் கிளையில் தீர்மானம் போட்டு, தேசியக் கூட்டத்தில் விவாதித்து, நிறைவேறியதை எடுத்துக்கொண்டு ஒட்டாவாவுக்குப் போவார்கள். தேசிய விசாரணை கேட்டவர்களில் அவர்களும் உண்டு. பார்க்கச் சலிப்பூட்டும் வேலை. எனக்குப் பிடித்தது அதுதான்.

ஆனால் சேவை என்றால் என்ன என்று பார்க்க வேண்டுமானால் வின்னிபெக்கின் பூர்வகுடித் தொண்டர்களைப் பாருங்கள். டீனாவின் உடல் கிடைத்த அடுத்த மாதம், 'ரெட் ஆற்றைத் துழாவுவோம்' என்று ஒரு குழு கிளம்பியது. இரும்புக் கம்பியில் கொக்கிகளைக் கட்டி, சங்கிலியில் படகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு ஆற்றின் அடியைத் துழாவுவார்கள். எலும்போ துணியோ மாட்டுகிறதா என்று. தொடங்கியவர்களில் ஒருவரான பெர்னடெட் ஸ்மித்தின் தங்கை 2008இல் காணாமல் போனவர். பெர்னடெட் பின்னாளில் மாகாண அமைச்சரானார். அதே நகரில் பேர் கிளான் ரோந்துக் குழு இரவில் தெருத்தெருவாக நடக்கும். 1992இல் இருந்து, நின்றுபோய், 2015இல் மறுபடி எழுந்தது. இப்படிப்பட்டவர்களுக்குப் படகு எரிபொருள், கையுறை, கைவிளக்கு, குளிர்கால பூட்ஸ் வாங்க ஒரு சங்கம் பணம் அனுப்பினால் அது நேராக வேலைக்குப் போகிறது. அதே வின்னிபெக்கில், ஒரு கொலைகாரன் குப்பைத் தொட்டியில் போட்ட பெண்களின் உடல்களைக் குப்பைமேட்டில் தேட மாட்டோம் என்று 2023இல் மாகாண அரசு மறுத்ததையும், அம்மாவைத் தேடும் மகள் கேம்ப்ரியா ஹாரிஸ் போன்றவர்கள் விடாமல் போராடியதையும், ஆட்சி மாறியபின் 2024 டிசம்பரில் தேடல் தொடங்கி 2025இல் மோர்கன் ஹாரிஸ், மார்செடிஸ் மைரன் இருவரின் எச்சங்களும் கிடைத்ததையும் உங்கள் உறுப்பினர்களுக்குச் சொல்லுங்கள். தேடினால் கிடைக்கும் என்று அந்த மகள்களுக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் சங்கத்தில் ஆண்கள்தான் அதிகம் என்றால் மூஸ் (பெரிய மான் வகை) தோல் இயக்கம் பொருத்தம். 2011இல் கண்ணீர் நெடுஞ்சாலை அருகே மூஸ் வேட்டைக்குப் போன பால் லசர்ட்டும் அவர் மகள் ரேவனும் தொடங்கியது. சின்னச் சதுரமாக வெட்டிய தோல் துண்டைச் சட்டையில் குத்திக்கொள்வார்கள். பெண்கள் மீதும் குழந்தைகள் மீதும் கை ஓங்க மாட்டேன், ஓங்குவதைப் பார்த்துச் சும்மா இருக்க மாட்டேன் என்பதற்கு அடையாளம். இதில் ஆண்கள் தங்கள் வீட்டைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும். தமிழ்க் குடும்பங்களில் நடக்கும் அடிதடியைப் பற்றி வாய் திறக்காத சங்கம் பூர்வகுடிப் பெண்களின் பாதுகாப்புக்கு மெழுகுவர்த்தி ஏற்றினால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

கடைசியாக, அரசுக்குச் சங்கம் எழுத வேண்டிய கடிதம். உங்கள் மாகாணத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் தயாராகவே இருக்கின்றன. ஒன்டாரியோவில் வடக்குக்குப் போன நார்த்லேண்டர் ரயில் 2012இல் நின்றது. கிரேஹவுண்ட் 2021இல் கனடாவில் மிச்சமிருந்த உள்நாட்டுச் சேவையையும் மூடியது. தேசிய விசாரணையின் 4.7ஆம் அழைப்பு காப்பகங்களுக்கு நீண்டகால நிதி பற்றியது, 4.8 தொலைவான ஊர்களுக்குப் பாதுகாப்பான, மலிவான போக்குவரத்து பற்றியது. 2021 மே மாதம் ஒன்டாரியோ அரசே இதற்கென ஒரு செயல்திட்டம் வெளியிட்டது. ஆகவே உங்கள் மாகாண சட்டமன்ற உறுப்பினருக்கு ஏறத்தாழ இப்படி எழுதலாம்:

"எங்கள் சங்கத்தின் தீர்மானப்படி இதை எழுதுகிறோம். தேசிய விசாரணையின் 4.7, 4.8 அழைப்புகளின்படி ஒன்டாரியோ இந்த நிதியாண்டில் எவ்வளவு ஒதுக்கியது, அதில் எவ்வளவு செலவாகியுள்ளது, வட ஒன்டாரியோவில் எந்தெந்தப் பூர்வகுடி ஊர்களுக்கு இன்னும் பொதுப் போக்குவரத்து இல்லை என்று தெரிவிக்க வேண்டுகிறோம். உங்கள் பதிலை எங்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் வாசிப்போம். பதில் வராவிட்டால் அதையும் குறிப்பில் பதிவு செய்வோம்."

இவ்வளவு போதும். உருக்கமான வார்த்தை வேண்டாம், ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எழுதுவதற்கு முன் உங்களோடு தொடர்பில் இருக்கும் பூர்வகுடிப் பெண்கள் அமைப்பு இப்போது எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று விசாரித்து, அதையே கேளுங்கள். அவர்கள் பஸ்ஸைவிட வேறொன்றை முக்கியம் என்றால் அதுதான் முக்கியம்.

அரசியல் ஆகிவிடுமே என்று உங்கள் பொருளாளர் பயப்படலாம். கட்சியையோ வேட்பாளரையோ ஆதரிக்கவும் எதிர்க்கவும் கூடாது, அவ்வளவுதான். பதிவுபெற்ற அறக்கட்டளையாகவே இருந்தாலும், தன் நோக்கத்துக்கு உட்பட்ட கொள்கை விஷயங்களில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்று 2018இல் வருமான வரிச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது; பழைய பத்து சதவீத வரம்பு இப்போது இல்லை. பர்ஸ்ட் நேஷன்ஸ் எனப்படும் பூர்வகுடிச் சமூகங்களின் நிர்வாகங்கள் பல வரிச் சட்டப்படி நன்கொடை ரசீது தரத் தகுதி பெற்றவை, பெயர் இருக்கிறதா என்று வருவாய்த் துறையின் இணையப் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். அப்படிப் பதிவு இல்லாத சிறு குழுவுக்குக் கொடுக்கவும் 2022 முதல் அறக்கட்டளைகளுக்கு வழி உண்டு, கணக்கும் அறிக்கையும் சரியாக வைத்திருந்தால். உங்கள் மாவட்ட அரிமா நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தீர்மானத்தை அடுத்த கூட்டத்திலேயே வையுங்கள். மே மாதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.